அந்தக் கண்கள் நேமாவுடையவை அல்ல

சின்ன முதலாளி, உங்கள் ஸ்டுடியோவின் பொன்விழா மலரில் பதினேழாம் பக்கத்தில் நீங்கள் எழுதியிருப்பது பொய்.

அந்தப் பக்கம் முழுவதும் ஒரே படம். ஏழு வயதுப் பெண் குழந்தை, தோள் வரை. தலைப்பு ‘ஆப்பிரிக்கக் கிராமத்துக் குழந்தை’. கீழே உங்கள் கையெழுத்தோடு நாலு வரி. ‘என் தந்தையார் எடுத்த இந்தப் படம் பதக்கம் பெற்றது. இந்தக் கண்கள் உலகத்தைப் பார்த்துக் கேட்கும் கேள்விக்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை’ என்று முடித்திருக்கிறீர்கள்.

உங்கள் தந்தையார் அந்தப் படத்தை எடுக்கவில்லை. அவர் ஆப்பிரிக்காவுக்குப் போனதில்லை. கடலில் அவர் போன அதிக தூரம் சங்குத்துறையில் முழங்கால் அளவு. பதக்கம் வாங்கியது மட்டும் உண்மை. அந்தக் கண்கள் அந்தக் குழந்தையுடையவை அல்ல. அவற்றை அங்கே வைத்தவள் நான். யாருடைய கண்கள் என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் மீதியை நீங்கள் படிக்க மாட்டீர்கள்.

வாசகர்களுக்காக: நான் அந்த ஸ்டுடியோவில் முப்பத்தொரு வருஷம் டச்சிங், அதாவது படம் திருத்தும் வேலை செய்தவள். ஸ்டுடியோவின் பெயரை எழுத வேண்டாம் என்று இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் கேட்டுக்கொண்டார். எழுதவில்லை. மலரில் என் பெயர் கிடையாது. அதில் எனக்குப் புகார் இல்லை. காவல் நாயின் படம் இருக்கிறது. நாய் எனக்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தது.

நான் பேசாமல்தான் இருந்திருப்பேன். போன மாதம் இரண்டு இளம்பெண்கள் என் வீட்டைத் தேடி வந்தார்கள். கம்ப்யூட்டரில் படம் திருத்துகிறவர்கள். எங்கே வேலை செய்கிறார்கள் என்பதைச் சொல்ல மாட்டேன். அந்தப் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது கண்ணுக்குள் பென்சில் கோடு தெரிந்ததாம். மூத்தவள், “பாட்டி, இது எப்படிச் செஞ்சிய?” என்று கேட்டாள். எப்படிச் செய்தேன் என்று சொன்னேன். ஏன் செய்தேன் என்று அவள் கேட்கவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

சுதந்திரம் கிடைத்த வருஷம் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்கு முன்பு மிஷன் பெண்களோடு உட்கார்ந்து லேஸ் பின்னிக்கொண்டிருந்தேன். பெரிய முதலாளி, அதாவது உங்கள் அப்பா, ஒரு நாள் அந்தக் கூடத்துக்கு வந்தார். எங்கள் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. வரிசையாக விரல்களைப் பார்த்துக்கொண்டே நடந்தார். என் விரல்களுக்கு முன்னால் நின்றார். அவ்வளவுதான் என்னுடைய நேர்முகத் தேர்வு. முதல் ஆறு மாதம் மணல்தாளில் பென்சில் சீவினேன். ஊசி மாதிரி, ஒரு விரல் நீளத்துக்கு முனை வர வேண்டும். ஏழாம் மாதம் நெகட்டிவைத் தொட விட்டார்.

வேலை இதுதான். வடக்குச் சன்னலோரம் ஒரு சாய்வு மேசை. நடுவில் சதுரமாக வெட்டிய ஓட்டையில் பால் நிறக் கண்ணாடி. கீழே முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைச் சரித்து வைத்தால் சன்னல் வெளிச்சம் அதில் பட்டு மேலே ஏறும். நெகட்டிவை அதன்மேல் வைக்க வேண்டும். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். அதில் கறுப்பாக இருப்பது காகிதத்தில் வெள்ளையாக வரும். பென்சில் வைத்த இடம் படத்தில் வெளுக்கும். கத்தியால் சுரண்டிய இடம் கறுக்கும். பென்சில் கோட்டை டர்பன்டைன் தொட்டுத் துடைத்துவிடலாம். சுரண்டியது சுரண்டியதுதான். இந்தக் கடைசி வாக்கியத்தை மறக்காமல் மேலே படியுங்கள்.

என் கத்தியைக் கடிகார ஸ்பிரிங்கில் நானே தீட்டிச் செய்துகொண்டேன். இன்றும் இருக்கிறது. முருங்கைக்காய் சீவக்கூட உதவாது.

பெரிய முதலாளி சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அவருக்கு எப்போதும் வாயில் ஒரு கிராம்பு இருக்கும். சட்டைப் பையில் ஒரு சிமிழ் நிறையக் கிராம்பு. நான் திருத்திய படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பார். நேராகப் பார்த்தால் மனிதன்தான் தெரிவான், தலைகீழாகப் பார்த்தால்தான் தப்பு தெரியும் என்பது அவர் கணக்கு. தப்பு இருந்தால் வாய் திறக்க மாட்டார். தப்பு இருக்கும் இடத்தில் ஒரு கிராம்பை வைத்து, படத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போவார். மூக்கில் கிராம்பு என்றால் மூக்கை மறுபடி செய்ய வேண்டும். இரண்டு கிராம்பு என்றால் முழுப் படத்தையும். கல்யாண சீசனில் என் மேசை பிரியாணிக் கடை மாதிரி இருக்கும்.

என்னென்ன செய்ய வேண்டும் என்று நெகட்டிவ் உறையில் ஒரு சீட்டு ஒட்டியிருப்பார். சங்கேதம் அவருடையது. ‘ஒரு வெளுப்பு’ என்றால் முகத்தின் நிறத்தை ஒரு படி ஏற்ற வேண்டும். ஆண்களுக்கு அது. பெண்களுக்கு இரண்டு. கல்யாணத்துக்குப் பேசுகிற பெண்ணுக்கு மூன்று. மணவாளக்குறிச்சியிலிருந்து ஒருவர் மூன்று வெளுப்புப் படத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்து, பலகாரம் சாப்பிட்டு முடித்து, சரி, படத்திலுள்ள பெண்ணைக் கூப்பிடுங்கள் என்றார்களாம். பெண்தான் பலகாரம் கொண்டுவந்து வைத்தவள்.

இன்னொரு சீட்டு ‘க. தி.’ என்று வரும். கண் திற.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துச் சனங்களில் பாதிப் பேர் ஒரே ஒரு முறைதான் படம் எடுத்துக்கொள்வார்கள். அது செத்த பிறகு. நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, முதுகுக்குப் பின்னால் பலகை கொடுத்து, வாய் திறக்காமல் நாடியைத் துணியால் கட்டி எடுப்பார்கள். வீட்டில் மாட்ட வேண்டிய படத்தில் கண் மூடியிருக்கக் கூடாது. அதைத் திறப்பது என் வேலை. ஆளின் கண் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அதனால் அண்ணன், தம்பி, மகன் யாராவது ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு படம் எடுத்து, அந்தக் கண்ணைப் பார்த்து இந்த முகத்தில் வரைவேன். குலசேகரத்தில் ரப்பர் தோட்ட மேஸ்திரி ஒருவர் செத்தபோது தம்பியை அனுப்பினார்கள். தம்பி நல்ல போதையில் வந்து உட்கார்ந்தார். நான் இருந்ததை வரைந்தேன். படத்தைப் பார்த்த மேஸ்திரியின் மனைவி, அப்படியே இருக்கிறார் என்று சொல்லி அழுதாளாம்.

சொன்னாளாம் என்றுதான் எழுத முடியும். என் மேசைக்கும் முன்கடைக்கும் நடுவில் திரை உண்டு. வாடிக்கையாளரை நான் பார்க்கக் கூடாது, அவர்களும் என்னைப் பார்க்கக் கூடாது. ஆளைப் பார்த்தால் கை நடுங்கும் என்பார் முதலாளி. இன்னொரு ஒழுங்கும் இருந்தது. கண் மூடிய படம் வந்தால் யாரும் ஒன்றும் கேட்கக் கூடாது. என்ன பெயர், எப்போது, எப்படி, ஒன்றும் கிடையாது. சாவு வீட்டுக்காரரிடம் கேள்வி கேட்பது மரியாதை இல்லை. வாங்கி வைத்துக்கொள்வார், தலையாட்டுவார், சீட்டு எழுதுவார். வந்தவர்களும் ஒன்றும் சொல்லாமல் போவார்கள். இந்த மரியாதைதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு மூன்று வருஷத்துக்கு முன்பு, ஒரு சித்திரை மாதம், இராஜாக்கமங்கலத்துக்காரர் ஒருவர் வந்தார். அந்தோணி என்று பெயர். ஆப்பிரிக்காவில் தாங்கனீக்கா என்ற நாட்டில், நார்க் கற்றாழைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். லீவில் ஊருக்கு வந்திருந்தார். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்தது, கைக்குட்டையில் சுற்றிய ஒரு நெகட்டிவ் என் மேசைக்கு வந்ததும் அதன் உறையில் எழுதியிருந்ததும் மட்டும். ‘க. தி. இரண்டு வெளுப்பு. ஃபுல் சைஸ்.’

சின்னக் குழந்தை. கண் மூடியிருந்தது. கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தவர் ஒன்றும் பேசவில்லை, பெரிய அளவில் வேண்டும் என்று மட்டும் கேட்டார். முதலாளிக்கு அது போதும். அவர் கேட்கவில்லை.

எனக்கு ஒன்று போதவில்லை. அதை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் அப்பாமேல் மட்டும் பழி போட்டுவிட்டு நான் ஒதுங்க முடியாது. செத்த குழந்தையின் கழுத்து எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்குள் இருபது முப்பது பார்த்துவிட்டேன். கழுத்து நிற்காது. யாராவது பின்னாலிருந்து பிடித்திருப்பார்கள், அந்தக் கையை நான் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். இந்தக் குழந்தையின் கழுத்து நின்றது. பக்கவாட்டில் நரம்பு ஒன்று புடைத்திருந்தது. தலை ஒரு பக்கம் திரும்பி, காது முன்னால் வந்திருந்தது. அரை மணி நேரம் அந்தக் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எட்டு அடி தூரம். சீட்டில் எழுதியிருக்கிறது என்று பென்சிலை எடுத்தேன்.

முகம் முழுவதும் பென்சில் வைத்து இரண்டு படி வெளுக்கவைத்தேன். அடுத்து கண். குழந்தையின் இரண்டு இமைகளின் மேலும் வெயில் பிறை மாதிரி விழுந்திருந்தது. திறந்த கண்ணில் இமை மேல் வெளிச்சம் இருக்க முடியாது. இரண்டு பிறைகளையும் கத்தியால் சுரண்டி எடுத்தேன். அந்த இடத்தில் கருவிழி வைத்தேன். சுற்றிப் பென்சிலால் வெள்ளை. கருவிழியில் ஒரு புள்ளி வெளிச்சம்.

மாதிரிக்குக் கண் வேண்டுமே. இந்தப் பிள்ளைக்கு அண்ணன் தம்பி யாரையும் அனுப்பவில்லை. என்னிடம் ஒரு தகர டப்பா உண்டு, சோதனைக்குப் போட்ட படங்களை அதில் வைத்திருப்பேன். அதில் ஏறக்குறைய அதே வயதில் ஒரு பிள்ளையின் படம் கிடைத்தது. அந்தக் கண்களைப் பார்த்து வரைந்தேன்.

படத்தைப் பெரிதாக்கிக் காய்ந்ததும் முதலாளி வந்து எடுத்தார். தலைகீழாகப் பிடித்தார். கிராம்பு எதுவும் வைக்கவில்லை. பிறகு நேராகத் திருப்பிப் பார்த்தார். ஆறு வருஷத்தில் அவர் ஒரு படத்தை நேராகப் பார்த்தது அதுதான் முதல் முறை. “ஏட்டி நேசம், இது வேற ஒண்ணுல்லா” என்றார். நேசம் என் பெயர். அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

நாலாம் நாள் காலையில் கம்பவுண்டர் படம் வாங்க வந்தார். நான் திரைக்குப் பின்னால் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு மூன்று வெளுப்புக் கொடுத்துக்கொண்டிருந்தேன். உறையைப் பிரிக்கும் சத்தம் கேட்டது.

“முதலாளி, இது ஆரு?”

“நீங்க கொண்டாந்த பிள்ளதான்.”

“நான் கொண்டாந்த பிள்ளைக்குக் கண்ணு தெரியாது.”

முதலாளி கிராம்பைக் கடிக்கிற சத்தம் கேட்டது. அவர் அதைக் கடிக்கிறவர் இல்லை, சப்புகிறவர்.

“பிள்ள ஜீவனோடதான் இருக்கா?” என்று கேட்டார்.

“நல்லா இருக்கா. நான் பொறப்படும்போ எனக்க கைய மணந்து பாத்து, சோப்ப மாத்திட்டேருல்லான்னு சொன்னா.”

“முன்னமே ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே.”

“நீங்க கேக்கலியே.”

“கண்ணு மூடின படத்துக்கு நாங்க கேக்கமாட்டோம்.”

“அது என்னத்துக்கு?”

“மரியாதைக்கு” என்றார் முதலாளி.

கம்பவுண்டர் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். நாற்பது வயது இருக்கும், ஒல்லி, வெளுத்த கால்சட்டை. ஆம்பிளை ஒருவனை எதிர்பார்த்து வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த படத்தைக் கொஞ்சம் தாழ்த்தினார்.

“நீயா மக்கா கண்ணத் தெறந்த?”

ஆமாம் என்றேன்.

“அப்போ நீயே அடச்சிரு.”

முதலாளி அவரை வெளியே அழைத்தார். அவர் போகவில்லை. படம் காயப்போடும் முக்காலியை இழுத்துப் போட்டு என் மேசைப் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து ஐந்தாம் நாள் அவர் திருநெல்வேலிக்குப் போய் பம்பாய்க்கு ரயில் ஏற வேண்டும். அங்கிருந்து கப்பல். நடுவில் இருந்த நாட்களில் மூன்று நாள் காலையில் பஸ்ஸில் வந்து அந்த முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு படத்துக்குரிய ஆள் என் பக்கத்தில் உட்கார்ந்து நான் வேலை செய்தது அதுவே முதல் முறை. கை நடுங்கத்தான் செய்தது. முதலாளி சொன்னது சரி.

குழந்தையின் பெயர் நேமா. மூன்று வயதில் மணல்வாரி அம்மை கண்டு பார்வை போய்விட்டது. கம்பவுண்டர் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனது அதற்கு அடுத்த வருஷம். அவள் தாய் தோட்டத்தில் கற்றாழை மட்டை அறுக்கிறவள். தாய் வேலைக்குப் போனால் பிள்ளை ஆஸ்பத்திரி வாசலில் வந்து உட்காரும். மருந்துப் புட்டிகளின் அடைப்பானை முகர்ந்து எது என்ன மருந்து என்று சொல்லுமாம். இவர் இரண்டு முறை தப்பாக எடுத்ததை அது திருத்தியிருக்கிறது. கடற்கரைப் பட்டணத்தில் பார்வையில்லாதவர்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, அங்கே சேர்க்க ஏற்பாடு ஆகிவிட்டது. மழைக்காலம் முடிந்ததும் போக வேண்டும். மூன்று நாள் பயணம். தாய் போய்ப் பார்த்து வருகிற தூரம் இல்லை.

“அவ கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்” என்றார். “பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க, ஒரு படம் எனக்குத் தந்திருங்கன்னா. எப்பிடி இருக்காளோ அப்பிடியே வேணும்னா.”

அங்கே இருந்த டாக்டரின் காமிராவை இரவல் வாங்கி இவரே எடுத்திருக்கிறார். ஒரே ஒரு நெகட்டிவ். டாக்டர் காமிராவோடு சொந்த நாட்டுக்குப் போய்விட்டார். இவர் திரும்பிப் போகும்போது குழந்தை பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கும். படம் மட்டும்தான் அந்தத் தாய்க்கு. அந்தப் படத்தைத்தான் நான் சுரண்டியிருந்தேன்.

கழுத்து ஏன் அப்படி இருக்கிறது என்று அவரிடம் கேட்டேன்.

“காமிரா கிளிக்குன்னு சத்தம் போடும்னு சொல்லிருந்தேன். எப்ப போடும்னு காதக் கொடுத்துட்டு நிக்கா.”

இது எனக்கு முன்னாலேயே கண்ணில் பட்டது, உயிரோடிருக்கிற பிள்ளையின் கழுத்து என்று தோன்றியது என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் என்னைப் பார்த்தார்.

“கண்டியா? அப்போ ஏன் கேக்கல?”

“சீட்டுல எழுதியிருந்துது.”

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலையை ஆட்டினார், அவ்வளவுதான். மருந்துச் சீட்டில் எழுதியிருப்பதைக் கேள்வி கேட்காமல் கலந்து கொடுக்கிறவர் அவரும்.

டர்பன்டைன் தொட்ட பஞ்சால் முகம் முழுவதையும் துடைத்தேன். பென்சில் போனது. அவளுடைய நிறம் அப்படியே திரும்பி வந்தது. கெடாமல் தப்பித்தது அது ஒன்றுதான். கண் இருந்த இடத்தில் சுரண்டிய இரண்டு குழி. அதில் இமைகளை மறுபடி கட்ட வேண்டும். அவர் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல நான் பென்சில் வைத்தேன். இடது இமை கொஞ்சம் உள்ளே போயிருக்கும் என்றார். வைத்தேன். இவ்வளவு இல்லை என்றார். எடுத்தேன். வெயில் எப்படி விழுந்தது என்று கேட்டேன். எழுந்து சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டு நின்று காட்டினார். அந்த நேரம் பார்த்து முதலாளி எட்டிப் பார்த்துவிட்டுத் திரையை விட்டார்.

மூன்றாம் நாள் மதியம் படத்தைப் போட்டுக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். “கிட்ட வந்துட்டு” என்றார். நெகட்டிவை நீட்டினேன். “இத நான் என்னத்துக்குக் கொண்டு போணும்?” என்று மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். படத்தைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார்.

ஆறு மாதம் கழித்து ஸ்டுடியோ முகவரிக்கு ஒரு பெரிய உறை வந்தது. மேலே ‘டச்சிங் செய்யும் பெண்ணுக்கு’ என்று எழுதியிருந்தது. முதலாளி பிரிக்காமல் கொடுத்தார். அந்த மரியாதையும் அவரிடம் இருந்தது. உள்ளே நான் போட்டுக் கொடுத்த படமும் ஒரு கடிதமும் இருந்தன. கம்பவுண்டர் எழுதியிருந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். தாயிடம் படத்தைக் கொடுத்தாராம். அவள் வாசலுக்கு எடுத்துக்கொண்டு போய் வெளிச்சத்தில் பார்த்தாளாம். இந்தப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறது, என் பிள்ளை மூடிக்கொண்டு நிற்கவில்லை என்றாளாம். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, யாருடைய பிள்ளையோ, அவர்களிடமே சேர்த்துவிடுங்கள் என்றாளாம். சொன்னபடி சேர்த்துவிட்டேன் என்று கடிதம் முடிந்திருந்தது.

நாற்பது வருஷத்துக்கு மேலாக அது என் வீட்டில் இருக்கிறது.

அதே வருஷக் கடைசியில் முதலாளி திருவனந்தபுரத்துக்குப் போய் ஒரு கண்காட்சியிலிருந்து பதக்கத்தோடு திரும்பி வந்தார். முன்கடைக் கண்ணாடி அலமாரியில் பெரிய படம் ஒன்றைச் சட்டம் போட்டு வைத்தார். நான் திறந்த கண், நான் ஏற்றிய இரண்டு வெளுப்பு. கம்பவுண்டர் படம் வாங்க வருவதற்கு முந்தின நாளே, அவரிடம் கேட்காமல், இன்னொரு பிரதி போட்டு அதைக் காமிராவில் நகல் எடுத்து வைத்திருக்கிறார். பெயர் ‘ஆப்பிரிக்கக் கிராமத்துக் குழந்தை’. எடுத்தவர் என்ற இடத்தில் அவர் பெயர்.

அன்று நான் திரைக்கு வெளியே போனேன். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக. அந்தப் பிள்ளைக்குக் கண் தெரியாது என்பது தெரிந்தும் இதை எப்படி வைக்கலாம் என்று கேட்டேன். வழக்கம்போல மெதுவாகத்தான் பேசினார்.

“நேசம், கண்ணத் தெறந்த பெறகு அது அவ படமில்ல. நம்ம படம். இதுல கள்ளம் எங்க இருக்கு?”

வேலையை விட்டேனா என்று நீங்கள் கேட்கலாம். விடவில்லை. எங்கள் வீட்டில் என் வேலை ஒன்றுதான் வேலை. மறுபடியும் உட்கார்ந்து இருபத்தைந்து வருஷம் எல்லாரையும் வெளுப்பாக்கினேன்.

ஒன்றை மட்டும் மாற்றினேன். ‘க. தி.’ என்று சீட்டு வந்தால் நானே திரையை விலக்கி, கொண்டுவந்தவரிடம் “ஆளு இருக்கியாரா, இல்லியா?” என்று கேட்பேன். சாவு வீட்டுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். பேய் மாதிரி ஒருத்தி உள்ளே இருக்கிறாள் என்று பேச்சு பரவியது. முதலாளி இரண்டு கிராம்பை என் மேசையில் வெறுமனே வைத்துவிட்டுப் போனார். நான் நிறுத்தவில்லை. ஒரு மாதம்கூட ஆகவில்லை, குலசேகரத்துக் கடைக்காரர் ஒருவர் கண் மூடிய படம் ஒன்றைக் கொடுத்துவிட்டு நின்றார். சீட்டு எழுதி முடித்தாகிவிட்டது. நான் எட்டிப் பார்த்து ஆள் இருக்கிறாரா என்று கேட்டேன். “நான்தான் அந்த ஆளு” என்றார். எடுக்கும்போது கண் சிமிட்டியிருக்கிறார். அதன் பிறகு முதலாளி கிராம்பு வைக்கவில்லை.

செத்தவரைத் தூற்ற இதை எழுதவில்லை. அவர் போனபோது வாசலில் மாட்டுவதற்கு நல்ல படம் இல்லை என்று நீங்கள் வந்து நின்றீர்கள். அவர் கண்ணையும் நான்தான் திறந்தேன். அதற்கு முன் உங்களிடம், திறக்கட்டுமா என்று கேட்டேன். நினைவிருக்கும். அவரிடம் கேட்க முடியாததால் உங்களிடம் கேட்டேன்.

இப்போது அந்தக் கண்கள் யாருடையவை என்று சொல்கிறேன்.

உங்களுடையவை. அந்தச் சித்திரைக்கு முந்தின மாதம் உங்கள் ஆறாவது பிறந்தநாளுக்கு உங்கள் அப்பா படம் எடுத்தார். உங்கள் இடது கருவிழி கொஞ்சம் மூக்குப் பக்கமாக நிற்கும். அதை நேராக்கச் சொல்லிச் சீட்டு வந்தது. நேராக்கினேன். அந்தப் படம் உங்கள் வீட்டு ஹாலில் தொங்குகிறது. நேராக்குவதற்கு முன்பு போட்ட சோதனைப் படம் என் டப்பாவில் கிடந்தது. நேமாவுக்கு நான் பார்த்து வரைந்தது அதைத்தான். அதற்குப் பிறகு உங்கள் பள்ளிக்கூடப் படம், கல்யாணப் படம் எல்லாவற்றிலும் இடது கண்ணை நேராக்கியவள் நான். பொன்விழா மலரின் முதல் பக்கத்தில் உங்கள் படம் இருக்கிறதே, அதில் யார் நேராக்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. உங்கள் கண் உள்ளபடி அச்சாகியிருக்கும் ஒரே இடம் பதினேழாம் பக்கம். கண்ணாடி முன்னால் நின்று மலரைப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவை பார்க்கிற கண்கள். அவளுக்கு இல்லாதவை.

யாரும் பதில் சொல்லாத கேள்வி என்று எழுதினீர்களே, அதைக் கேட்டுக்கொண்டு நிற்பது நீங்கள்தான்.

என்னிடம் நாலு சாமான் இருக்கின்றன. அவள் தாய் திருப்பி அனுப்பிய படம். கம்பவுண்டரின் கடிதம். உங்கள் ஆறு வயதுச் சோதனைப் படம். சுரண்டிய இரண்டு குழியோடு நெகட்டிவ். வேலையை விட்டு வரும்போது ஸ்டுடியோவிலிருந்து நெகட்டிவையும் டப்பாவையும்தான் எடுத்து வந்தேன். திருட்டு என்றால் அதையும் சேர்த்துச் சொல்லிக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் விழா வைத்திருக்கிறீர்கள். அந்தப் படத்தை மேடையில் பெரிதாக வைக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். நாலு சாமானோடு முதல் வரிசைக்கு வருவேன். நேமாவுக்கு இப்போது உங்கள் வயது இருக்கும். இருக்கிறாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. நீங்கள் கேட்கவில்லை. வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சமாதானம் பேச வேண்டாம். எனக்குத் தனியாகக் கடிதமும் வேண்டாம். மேடையில் ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று, வந்திருக்கிற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, எடுத்தவர் பெயரையும் பிள்ளையின் பெயரையும் கண் யாருடையது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தோணி கம்பவுண்டர் உங்கள் அப்பாவிடம் கேட்டதும் அதுதான். அவர் அன்று ‘நீங்க கொண்டாந்த பிள்ளதான்’ என்று சொல்லிவிட்டார். நான் உங்களிடம் கேட்கிறேன்.

இது ஆரு?